எட்டாவது கிரேடு

1975. மாமல்லபுரம் பேண்டு மாஸ்டர் சாலமோனிடம் தபால்காரர் மாயவன் டிரம் கற்க ஆரம்பித்து மூன்றே வாரம். குச்சி பிடிக்கும் முதல் கிரேடு, தாளம் தவறாத இரண்டாவது, உருட்டி அடிக்கும் மூன்றாவது என்று மளமளவென்று எட்டையும் தாண்டிவிட்டார்.

“எனக்கு இன்னும் தாளமே நிக்கல மாஸ்டர்!”

“அதெல்லாம் பாஸ்தான் அண்ணாத்த. இந்தா சர்டிபிகேட்டு. எட்டு முடிச்சவரு இனிமே வூட்ல அடிச்சிப் பழகவே கூடாது. அதான் ரூலு.”

மாயவனுக்குக் கண் கலங்கியது. இருவரும் சேர்ந்தே வீடு திரும்பினார்கள். பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவே ஒற்றைச் சுவர்தான்.

மறுநாள் விடிந்ததும் அந்தச் சுவரே அதிர்ந்தது. சாலமோன் அலறியடித்துக்கொண்டு ஓடினார்.

“இன்னாய்யா இது?”

மாயவன் பணிவாக எழுந்து நின்றார்.

“ரூலை மீறல மாஸ்டர். நான் அடிக்கவே இல்ல. எட்டு முடிச்சிட்டேனே, பன்னெண்டு பேருக்குக் கத்துக்குடுத்துகினு கீறேன்!”