இடப்பக்க ரத்தக்குழாய்

"வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்ப்பா. இந்த டாக்டர் பண்ண ஆபரேஷன்ல ஒரு உயிர் போயிருக்கு" என்று மறுபடியும் கெஞ்சினாள் சயோகோ.

"தெரியாமலா வந்திருக்கேன்?" என்றார் அவள் அப்பா குவாபாரா. கழுத்து எலும்பு நரம்பை நெருக்கியதில் அவரால் சாப்பாட்டுக் குச்சியைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

டாக்டர் ஹோரிகோஷி ஸ்கேன் படத்தைக் காட்டினார். "மூளைக்குப் போற ரத்தக்குழாய், இடப்பக்கம் எலும்புக்குள்ள வளைஞ்சு போகுது. எலும்பை இறுக்கிப் பிடிக்கிற ஸ்க்ரூவை அங்க போட்டா குழாய் கிழிஞ்சிடும். அந்தப் பக்கம் போட மாட்டேன்."

"இதை அன்னிக்கும் பாத்திருக்கலாமே!" சயோகோ வெடித்தாள்.

டாக்டர் எழுந்து, இடுப்பு வளையத் தலை தாழ்த்தினார். "பாக்கலைம்மா. எலும்பை மட்டுந்தான் பாத்தேன். அதுக்கப்புறம் குழாயைப் பாக்காம கத்தியைத் தொட்டதில்லை. ஆனாலும் நீங்க வேற டாக்டர்கிட்ட போறதுதான் நியாயம்."

குவாபாரா மெதுவாகச் சொன்னார்:

"என் சம்சாரம் உங்க கையிலதான் செத்தா, டாக்டர். வருஷா வருஷம் அவ நினைவு நாளுக்கு, எனக்கு முன்னாடியே கல்லறைக்கு வந்து பூ வெச்சிட்டுப் போறதும் நீங்கதான். என் கழுத்தை வேற யாரு இவ்வளவு பயந்து தொடுவாங்க?"

டாக்டரின் குனிந்த தலை நிமிரவே இல்லை.