மோதிரம் இல்லாத விரல்

"மோதிரத்தைக் கழட்டிட்டியா?" என்று போனில் கேட்டான் வெண்டல். "கல்யாணம் ஆனவள்னு தெரிஞ்சா, புருஷனுக்கும் சேர்த்து வேலை கேப்பாளோன்னு பயந்துடுவாங்க."

கணவன் சொன்னபடி லெனோரா மோதிரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். வருடக்கணக்கில் இருவரும் கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியும் நிரந்தரப் பேராசிரியர் வேலை கிடைத்தபாடில்லை. மினசோட்டாவின் இந்தக் கல்லூரியாவது கண் திறக்க வேண்டும்.

நேர்காணல் முடிந்து நடந்த விருந்தில் துறைத் தலைவர் ஹேகன் மெல்லக் கொக்கி போட்டார். "குடும்பத்தைப் பத்தி நாங்க கேக்கக் கூடாது. ஆனா இங்க ஸ்கூலெல்லாம் பிரமாதம்."

"எனக்கு எதுக்கு சார்? நான் தனி ஆளு."

சில வாரங்கள் கழித்து ஹேகன் போன் செய்தார்.

"நீங்கதாம்மா நல்லா பண்ணீங்க. ஆனா இந்தப் பனியில தனி ஆளு எத்தனை நாள் தாங்குவாங்க? அதான், உங்களுக்கு அடுத்த நாள் வந்தவருக்கே கொடுக்கறதா முடிவு பண்ணிட்டோம். வந்ததும் வராததுமா பொண்டாட்டிக்கும் வேலை கேட்டாரு. அது முடியாதுன்னுட்டோம். ஆனா குடும்பஸ்தன், ஓடிட மாட்டாரு பாருங்க."

லெனோரா போனை வைத்தாள். அவளுடைய நேர்காணலுக்கு மறுநாள் அதே வேலைக்கு நேர்காணல் கொடுத்து வந்த வெண்டல், எதிரே விரலிலிருந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

"வேலை உனக்குத்தான்" என்றாள்.

வெண்டலின் முகம் வெளுத்தது.

"அடிப்பாவி! அது உனக்குக் கிடைக்கணும்னுதானே பொண்டாட்டிக்கும் வேலை கேட்டேன்!"