பூட்ஸ் போட்ட பேய்

வெள்ளைத் துணிக்குள்ளிருந்து பெட்சி சொல்லிக் காட்டினாள்.

"அம்மா, பசிக்குது."

உச்சரிப்பு சரியாகத்தான் இருந்தது. என் காதின் மேல் நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

அவளுக்கு ஆறு வயது. குற்றால மலையில் மூலிகைச் செடிகளை ஆராய அமெரிக்காவிலிருந்து வந்த துரையின் மகள். பகலில் அவருடைய செடிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுவது என் வேலை. மாலையில் தென்காசியில் டைப்ரைட்டிங் வகுப்பு. அன்று வகுப்புக்குப் போகவில்லை.

அக்டோபர் கடைசி நாளில் அவர்கள் ஊர்க் குழந்தைகள் பேய் வேஷம் போட்டு, வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்களாம். பிள்ளை ஏங்குகிறாள், உங்கள் தெருவுக்குக் கூட்டிப் போக முடியுமா என்று துரைசானி கேட்டார். கேட்கும்போது அவர் கட்டிவைத்த பெட்டிகளின் நடுவே நின்றிருந்தார்.

அங்கே குழந்தைகள் சொல்லும் வாசகத்தையும் சொன்னார். தின்னத் தராவிட்டால் சேட்டை செய்வேன் என்று பொருள். எங்கள் தெருவில் அப்படிச் சொன்னால் முதுகில் ஒன்று விழும். அதனால் எளிதாக நானே ஒரு வாக்கியம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்.

தென்காசிச் சந்தையில் பூசணிக்காய் வாங்கி, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே மெழுகுவர்த்தி வைத்தேன். முந்தின நாளே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவைத்தேன். தீபாவளிப் பலகாரம் இன்னும் தீராத வாரம். யாரும் மறுக்கவில்லை.

எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டேன்.

எங்களுக்கு இந்த வருஷம் தீபாவளி இல்லை. ஆடியில் தம்பி பால்வண்ணன் இறந்ததிலிருந்து அம்மா வாசல் கதவைத் திறப்பதில்லை. போக வர எல்லாம் புறவாசல்தான். அவனையும் வெள்ளைத் துணி போர்த்தித்தான் அந்த வாசல் வழியே தூக்கிப் போனோம்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கிளம்பினோம்.

பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் முறுக்கு கொடுத்தாள். எதிர்வீட்டு சைதூன் பீவி அல்வாவோடு வாசலிலேயே காத்திருந்தாள்.

"ஏட்டி ஆவுடை, பேய்க்குக் கால் கெடையாதும்பாவ. இது பூட்ஸு போட்டிருக்குல்லாட்டி!"

"சீமைப் பேய்லா அக்கா. வெறுங்காலோட நடந்தா சளி பிடிக்கும்லா!"

தெருவே சிரித்தது. துணிக்குள் பெட்சியும் சிரித்தாள். அவள் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அப்போது மழை பிடித்துக்கொண்டது.

மெழுகுவர்த்தி அணைந்துவிடாமல் பூசணிக்காயின் மேல் குனிந்தேன். நிமிர்ந்தபோது பெட்சி பக்கத்தில் இல்லை.

மழைக்கு ஒதுங்க, அருகிலிருந்த வாசலுக்கு ஓடியிருந்தாள். அந்தச் சாயங்காலத்தின் பழக்கத்தில் கதவையும் தட்டிவிட்டாள்.

எங்கள் வீட்டுக் கதவு.

"அம்மா, பசிக்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டைபாய்டில் கிடந்தபோது பால்வண்ணன் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். காய்ச்சல் இறங்கும்வரை சோறு ஆகாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அம்மா கஞ்சித் தண்ணீருக்கு மேல் ஒரு பருக்கை கொடுக்கவில்லை. அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கடைசியாக அவன் பேசியதும் அதுவே.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

அம்மா பார்த்தாள். உள்ளே போனாள். நான் படியேறுவதற்குள் தட்டோடு திரும்பிவிட்டாள். எனக்காக எடுத்துவைத்திருந்த சோறு. தயிர் விட்டுப் பிசைந்திருந்தாள்.

தரையில் உட்கார்ந்து, பெட்சியின் வாய் தெரியுமளவுக்கு மட்டும் துணியைத் தூக்கினாள். முகத்தைப் பார்க்கவில்லை. உருட்டி நீட்டினாள்.

இன்னொருவர் கையால் உண்டு பெட்சிக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் தயங்கினாள். பிறகு வாயைத் திறந்தாள்.

நான் தடுத்திருக்க வேண்டுமா? இப்போதும் தெரியவில்லை.

தட்டு காலியாகும்வரை அம்மா ஊட்டினாள்.

மழை விட்டதும் பெட்சியைத் துரையின் பங்களாவில் விட்டுத் திரும்பினேன். வாசல் கதவு திறந்தே கிடந்தது. காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாய் திறந்ததும் எல்லாம் குழம்பிவிட்டது.

"அம்மா, அது வந்து... நம்ம பால்வண்ணன் இல்லம்மா."

"போலே, கிறுக்குப் பயலே. பூட்ஸு போட்டுக்கிட்டா அவன் வருவான்?"

சிரிப்பதுபோலத்தான் சொன்னாள். பிறகு தட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கும் வருமாலே, அந்தப் பிள்ள?"

துரைக்கு அடுத்த வேலை மலேயாவில். காலை ரயிலில் அவர்கள் கிளம்புகிறார்கள்.

"வரும்" என்றேன்.

மறுநாள் வகுப்பு முடிந்து வந்தபோது வாசல் கதவு திறந்திருந்தது. அம்மா படியில் இருந்தாள். மடியில் தட்டு. சோறு ஆறிப்போயிருந்தது.

"மழை பெஞ்சுதுல்லா. அதான் வரல்ல போல" என்றாள்.

அன்று மழையே பெய்யவில்லை.