தலைவரின் வயிறு

கொரோனாவால் சூரியபிரகாஷுக்கு மருத்துவச் செய்முறைத் தேர்வும் வீட்டிலேயே, லேப்டாப்பில். நோயாளியாகப் படுத்தவர் அவன் அப்பா மலைச்சாமி, ஊர் மதுவிலக்குச் சங்கத் தலைவர். மகன் பெருமையைப் பார்க்கச் சங்கத்தையே கூட்டியிருந்தார்.

மகன் வயிற்றை அமுக்கிப் பார்த்தான். “கல்லீரல் வீங்கியிருக்கு சார். குடியால.”

“ஏலே, நான் சொட்டுக்கூடத் தொட்டதில்ல,” என்று சீறினார் மலைச்சாமி.

“அப்ப பையன் சொன்னது தப்பு. ஃபெயில்,” என்றார் திரையிலிருந்த பேராசிரியர்.

மலைச்சாமி திரையைப் பார்த்துக் கும்பிட்டார். “குடிப்பேன் சார். தெனமும்.”

“பாஸ்.”

சங்கத்தார் கண் கலங்கினார்கள். “மகனுக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்கிட்டாகளே,” என்று அங்கேயே பொன்னாடை போர்த்தினார்கள். தலைவரும் அடக்கமாகக் குனிந்து ஏற்றுக்கொண்டார்.

அடுக்களையில் சுருளியம்மாள் மகனைப் பிடித்துக்கொண்டாள். “மார்க்குக்காக அப்பா வயித்துல இல்லாத வீக்கத்தச் சொல்லுவியாடா?”

“வீக்கம் நெசந்தாம்மா. அப்பா கடைசியாச் சொன்னதும் நெசந்தான்.”