அத்தை கொண்டு வந்த களி

"ஓடாதேடி! நில்லு!"

திடலோரம் நின்று செல்லம் போட்ட சத்தத்தில், ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஓடிக்கொண்டிருந்த ஷாமளா நின்று, இடுப்பில் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். அம்மாவைப் போலவே பூசினாற்போன்ற உடம்பு. சட்டை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

கூடவே ஓடிய அம்மா வாசுகி மட்டும் நிற்கவில்லை. கோல் கம்பம் வரை ஓடித் தொட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தாள்.

செல்லம், வாசுகியின் செத்துப்போன முதல் கணவன் காளிதாசின் அக்கா. ஷாமளாவுக்குச் சொந்த அத்தை. சிம்பாங் ரெங்கத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, கையில் தூக்கோடு லாயாங் லாயாங் ஊருக்கு வந்திருந்தாள்.

முந்தின நாள்தான் சேதி அவள் காதுக்கு எட்டியிருந்தது. அம்மாவும் மகளும் குளுவாங்கில் ஒரு லேடி டாக்டரைப் பார்த்தார்களாம். முதலில் எடையைக் குறையுங்கள், அதன் பிறகு பிள்ளைக்குப் பார்க்கலாம் என்றாராம் டாக்டர். அதைக் கேட்டதிலிருந்து செல்லத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"கல்யாணம் ஆகி முழுசா ஒரு வருஷம் ஆகல. அதுக்குள்ள என்ன டாக்டரு, என்ன ஓட்டம்?"

"டாக்டர் சொன்னா கேக்கணும்தானே, அண்ணி."

"பத்தொம்பது வயசுல இவளப் பெத்தியே, திடல்ல ஓடிட்டா பெத்தே?"

வாசுகி துண்டால் கழுத்தைத் துடைத்தாள். "அப்ப வயசு வேற. இப்ப வேற."

"வயசு என்னலா வயசு? சதையக் கரைச்சுப்புட்டா கரு எதுலதான் ஒட்டும்?"

மூவரும் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தார்கள். செல்லம் தூக்கைத் திறந்ததும் நல்லெண்ணெய் வாசம் பக்கத்து மேசை வரை போனது. கூலா மலாக்கா வெல்லம் போட்டுக் கிளறிய உளுந்தங்களி. அவர்கள் குடும்பத்தில் புதுப்பெண்ணுக்கு அத்தைக்காரி தன் கையால் களி ஊட்டவேண்டும். ஊட்டின வயிறு வெறும் வயிறாக இருந்ததில்லை என்பது செல்லத்தின் கணக்கு.

உருண்டை பிடித்து நீட்டினாள். ஷாமளா மறுக்கவில்லை. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

"சூப்பர் அத்தை. இன்னொண்ணு குடுங்க."

"பாத்தியா, எவ்வளவு பசியில கெடக்குது பிள்ள! பட்டினி போட்டு வச்சிருக்கியே, பாவி!"

தூக்கை வாசுகியின் பக்கமும் நகர்த்தினாள். வாசுகி ஒரு விரலால் அதைத் திருப்பித் தள்ளினாள். "எனக்கு வேணாம் அண்ணி." அவள் முன்னால் பாலும் சீனியும் போடாத தே ஓ டீ மட்டும் ஆறிக்கொண்டிருந்தது.

திமிர் என்று செல்லம் நினைத்துக்கொண்டாள். போன வருஷம் பதிவு அலுவலகத்தில் ராஜசேகரனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து வந்த திமிர். அந்தக் கல்யாணத்துக்குச் செல்லம் போகவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தது இதெல்லாம்? உன் புது வீட்டுக்காரரா? பெத்த மகளா இருந்தா இப்படி நாய் மாதிரி ஓட விடுவாரா?"

"அவரப் பத்திப் பேசாதீங்க அண்ணி."

குரல் உயரவில்லை. ஆனாலும் செல்லம் அந்தப் பேச்சை விட்டு, விரலில் ஒட்டிய களியைத் தூக்கின் விளிம்பில் வழித்தாள். ஸ்டேஷனைத் தாண்டி ஒரு ரயில் போனது.

செல்லம் ஷாமளாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சு அசலாகத் தம்பியின் தாடை. அந்தத் தாடையோடு இன்னொரு பிள்ளை மடியில் கிடந்தால் போதும். அதற்காகத்தான் அவள் சாகாமல் இருக்கிறாள்.

"இவளுக்கு ஒரு பிள்ள வந்தாத்தான் என் தம்பி போயிடலன்னு நெனைப்பேன். உனக்கு வேற வாழ்க்க கெடச்சிருச்சு வாசுகி. எனக்கு இது ஒண்ணுதான்லா இருக்கு."

ஷாமளாவின் கண் கலங்கியது. "சொல்லிரும்மா," என்றாள் மெல்ல.

"எதுக்குச் சொல்லணும்? யாருகிட்டயும் பர்மிட் வாங்கிட்டு நான் ஓட வரல."

செல்லத்துக்குப் பொறுக்கவில்லை. எழுந்து ஷாமளாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கெளம்புடி. கொஞ்ச நாள் என் வீட்டுல இரு. உன் வீட்டுக்காரன் பிரேமகுமார் சனிக்கெழம சிங்கப்பூர்ல இருந்து நேரா அங்க வரட்டும். வயித்துல பிள்ளையோட திருப்பி அனுப்புறேன்."

"அக்கா, என்னையும் கூட்டிட்டுப் போங்க. களி வாசம் ஆளத் தூக்குது!" என்றார் கடைக்கார ஐயாசாமி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

செல்லம் இழுத்தாள். ஷாமளா நாற்காலியை விட்டு அசையவில்லை. "அத்தை, நான் சும்மா துணைக்குத்தான்..." என்று தொடங்கி, அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வாசுகி எழுந்தாள். சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு, கடை முழுக்கக் கேட்கட்டும் என்பதுபோலச் சொன்னாள்.

"அவ கைய விடுங்க அண்ணி. பிள்ள பெத்துக்கப் போறது அவ இல்ல, நான்."