ஏழாம் நம்பர் கொடி

"சிஸ்டர், இவ என்கிட்ட துப்பு கேக்கறா!"

பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் ப்ராக்டிகலில் நான் கொடுத்த புகார் அது. எங்கள் வகுப்பில் 'துப்பு' என்றால், விடையைச் சொல்லு என்று அர்த்தம்.

மேஜைமேல் பத்துச் செடிகள். ஏழாம் நம்பர், காய் வெடித்துச் சிவப்பு விதை தெரியும் ஒரு காட்டுக்கொடி. குன்றிமணி, பட்டாணிக் குடும்பம். எல்லாம் தெரிகிறது, லத்தீன் பெயர்தான் வரவில்லை. யோசித்தபடி நின்றேன்.

பக்கத்தில் சோடாபுட்டி. என் உயிர்த்தோழி. ஒரே நோட்டில் இலை ஒட்டி, ஒரே டிபனில் கைவைத்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

"துப்பு... துப்புடி!" என்று என் தோளை உலுக்கினாள்.

சிஸ்டர் அவளை வெளியே அனுப்பினார். சைபர். அவள் வாயே திறக்கவில்லை. காப்பியடிப்பவளோடு என்ன பேச்சு என்று நானும் பேச்சை நிறுத்திவிட்டேன்.

எட்டு வருஷம் ஓடிவிட்டது.

இன்று காலை துணி உலர்த்திவிட்டுத் திரும்பினால், ஒன்றரை வயது மகள் வேலியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து ஏதோ காயைப் பறித்து மென்றுகொண்டிருக்கிறாள்.

"துப்பு! துப்புடி!"

வாய்க்குள் விரலை விட்டுத் துழாவும்போதுதான் உறைத்தது. யோசிக்கும்போது எதையாவது கடிப்பது என் பழக்கம். அன்றைக்கு நான் கடித்தது பென்சிலை இல்லை.

சோடாபுட்டி இப்போது தாவரவியல் டீச்சர். நம்பர் என்னிடம் இருந்தது. ரோஷம் பார்க்கிற நேரமா இது? கூப்பிட்டேன்.

"பாப்பா ஏதோ கொடிக் காயை மென்னுட்டாடி! குன்றிமணின்னா விஷமாச்சே!"

"பதறாதே. இலையைப் பாரு. புளிய இலை மாதிரி ஜோடி ஜோடியா இருக்கா?"

"இல்ல. மூணு மூணா."

"பூ?"

"ஊதா. நத்தை மாதிரி சுருண்டிருக்கு."

"குன்றிமணி இல்லடி. காட்டுப்பயறு. எதுக்கும் கொடியோட டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வந்துடு."

எனக்கு மூச்சு வந்தது. பின்னாலேயே அழுகையும்.

"அன்னிக்கு ஏழாம் நம்பர் என் வாயில இருந்துச்சு. இல்ல?"

"ம். நல்லவேளை, என்னைப் போட்டுக்கொடுக்க வாயைத் திறந்தே. விதை கீழ விழுந்துடுச்சு."

"சிஸ்டர்கிட்ட ஏன்டி சொல்லல?"

சிரித்தாள்.

"சொன்னா, பரீட்சைச் செடியைத் தின்னதுக்கு உனக்கும் சைபர் போட்டிருப்பாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு போதும்னு விட்டுட்டேன்."