கிளிப்பச்சை ஸ்கூட்டர்

வேட்டி காயப்போடுகிற சாக்கில் பாண்டிச்செல்வம் காம்பவுண்டுச் சுவரோரம் நிற்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு கௌதம்ராஜின் வாசலில், போன தை மாதம் வரை இவருடையதாக இருந்த ஸ்கூட்டர் நிற்கிறது. துருப்பிடித்து இடத்தை அடைக்கிறதென்று இவரே தள்ளிவிட்டதுதான். அந்தப் பையன் அதை வீட்டிலேயே கழற்றித் தேய்த்து, ஆண்டாளின் கிளிக்கு உள்ள பச்சையை அடித்து, பழுப்புத் தோல் சீட்டும் வட்டக் கண்ணாடிகளும் மாட்டியிருக்கிறான். சாயங்கால வெயில் மட்கார்டில் வழிகிறது. ஹெட்லைட்டில் சந்தனப் பொட்டு. முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம். கௌதம்ராஜ் மிதிக்கிறான். வண்டி இருமிவிட்டு அடங்குகிறது. மறுபடியும் மிதிக்கிறான், மறுபடியும். சட்டை முதுகோடு ஒட்டிப்போகிறது. பாண்டிச்செல்வத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. அதை எப்படிக் கிளப்ப வேண்டுமென்று அவருக்குத் தெரியும். உதட்டை இறுக்கிக்கொண்டு, உதறிய வேட்டியையே திரும்ப உதறுகிறார்.

அடுக்களை ஜன்னலிலிருந்து அவர் மனைவி நாகஜோதியின் குரல் சுவரைத் தாண்டிப் போகிறது. "தம்பி, சும்மா மிதிச்சா ஏலாது. வண்டிய ஒரு பக்கமா நல்லாச் சாய்ச்சு, செத்த நேரம் வச்சிருந்து, பொறவு மிதிங்க."

சாய்க்கிறான், நிமிர்த்துகிறான், மிதிக்கிறான். தெருவே அதிர்கிறது. எலுமிச்சம்பழம் நசுங்க, பச்சை வண்டி வாசலை விட்டு இறங்கிப் போகிறது. நீலப் புகை சுவரேறி வந்து வேட்டியில் படிகிறது. முகமெல்லாம் சிரிப்பாக நாகஜோதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"பாத்தியளா, ஒரே மிதி! உங்க கையில ஒருநாளாவது இப்படிக் கெளம்பியிருக்கா?"